அம்மாவுக்கும் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது... சைகை மொழியை கிரஹாம் பெல் ஏன் எதிர்த்தார்?

பால் வேணும்னா கையை மூடி மூடித் திறக்கணும். இன்னும் கொஞ்சம் வேணும்னா, இரண்டு கை விரல் நுனிகளையும் குவித்து ஒன்றோடு ஒன்று தட்டணும். வாயில் ஒரு சொல்கூட வராத பத்து மாதக் குழந்தை இப்படிக் கையாலேயே கேட்டு வாங்கும் ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. பேபி சைன் என்று இதற்குப் பெயர். வெளிநாடுகளில் இதற்கென்றே வகுப்பு, புத்தகம், ஆப் எல்லாம் உண்டு.

இந்த சைகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க சைகை மொழியிலிருந்து வந்தவை. அதாவது, காது கேளாதவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்த மொழி அது.

இதில் ஒரு வேதனையான விஷயம் இருக்கு. காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்கு இன்று ஆசை ஆசையாகச் சொல்லித் தரப்படும் அதே மொழி, காது கேளாத குழந்தைக்குக் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் மறுக்கப்பட்டது. பள்ளியில் கையை அசைத்தால் அடி விழுந்தது. கையைக் கட்டிப் போட்ட பள்ளிகளும் உண்டு.

அந்த நிலைக்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? நாம் எல்லோரும் பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர்தான். டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்.

வில்லன் கதை என்று நினைத்துவிட வேண்டாம். பெல்லின் அம்மாவுக்குக் காது கேட்காது. மனைவிக்கும் கேட்காது. தன் தொழில் என்ன என்று யாராவது கேட்டால், விஞ்ஞானி என்று சொல்ல மாட்டார். காது கேளாதோர் ஆசிரியர் என்றுதான் சொல்வார். அப்படிப்பட்டவர் ஏன் இப்படிச் செய்தார்?

நெற்றியருகே பேசிய மகன்

1847 மார்ச் 3, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். பேச்சையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார் பெல். தாத்தா உச்சரிப்பு ஆசிரியர். அப்பா மெல்வில் பெல்லும் அதே. திக்குவாய் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, மேடையில் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருவது இதெல்லாம் அவர்கள் வேலை.

ஆனால் அம்மா எலைசாவுக்குப் பேச்சுச் சத்தம் சரியாக எட்டாது. ரப்பர் குழாய் போன்ற ஒரு கருவியைக் காதில் வைத்துக்கொண்டுதான் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் நல்ல பியானோ கலைஞர். காதுக் குழாயின் மறுமுனையை பியானோவின் பலகையில் வைத்து, அந்த அதிர்விலேயே வாசிப்பார். பெல்லுக்கு பியானோ சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

வீட்டில் மற்றவர்கள் எல்லாம் அந்தக் குழாயில் கத்துவார்கள். சின்னப் பையன் பெல் மட்டும் வேறு வழி கண்டுபிடித்தான். அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் மெதுவாகப் பேசுவான். அந்த அதிர்வு அம்மாவுக்குப் புரியும் என்பது அவன் நம்பிக்கை.

இன்னொன்றும் செய்தான். ஆங்கிலத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு கைகளால் ஓர் அடையாளம் காட்டும் விரல் எழுத்து முறை பிரிட்டனில் இருந்தது. அதைக் கற்றுக்கொண்டு, வீட்டுக்கு வருபவர்கள் பேசுவதை அம்மாவுக்கு உடனுக்குடன் விரலாலேயே எழுதிக் காட்டுவான். அதாவது, கையால் பேசுவது என்றால் என்ன என்று பெல்லுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

குறும்புக்கும் குறைவில்லை. அண்ணனோடு சேர்ந்து அம்மா என்று கத்தும் ஒரு பொம்மைத் தலை செய்திருக்கிறார். வீட்டு நாயின் தாடையைக் கையால் அசைத்து, பாட்டியை நலம் விசாரிப்பது போல உறும வைத்திருக்கிறார்.

அப்பா மெல்வில் 1860-களில் புதுவிதமான ஒரு எழுத்து முறையை உருவாக்கினார். எந்த ஒலியைச் சொல்ல நாக்கு எங்கே இருக்க வேண்டும், உதடு எப்படிக் குவிய வேண்டும் என்பதைப் படமாகவே காட்டும் எழுத்துகள் அவை. இதைப் பார்த்தே காது கேளாதவர்களைப் பேச வைக்கலாம் என்று மகன் நம்பினார். 1868-ல் லண்டனில் ஒரு சிறிய பள்ளியில், காது கேளாத சிறுமிகளிடம் முயன்றும் பார்த்தார்.

அதற்குள் குடும்பத்தில் இடி விழுந்தது. 1867-ல் தம்பி, 1870-ல் அண்ணன், இருவரையும் காசநோய் கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒரே மகனைக் காப்பாற்ற, பெற்றோர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

ஐந்து வயதுச் சிறுவனும் ஒரு கையுறையும்

1871-ல் அமெரிக்காவின் பாஸ்டனுக்கு வந்த பெல், காது கேளாத குழந்தைகளின் பள்ளியில் அப்பாவின் முறையைச் சொல்லித் தர ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு ஹார்ட்ஃபோர்டு நகரில், சைகை மொழியிலேயே பாடம் நடந்த பழமையான பள்ளியிலும் சில காலம் வேலை பார்த்தார். அங்கேதான் அமெரிக்க சைகை மொழியைக் கற்றுக்கொண்டார். சும்மா நாலு சைகை இல்லை, நன்றாகவே பேசுவார்.

1872-ல் அவரிடம் ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். பெயர் ஜார்ஜ் சாண்டர்ஸ். வயது ஐந்து. பிறவியிலேயே காது கேட்காது. அப்பா தாமஸ் சாண்டர்ஸ் தோல் வியாபாரி, வசதியானவர்.

பெல்லின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக அழகான பகுதி இதுதான். டெலிபோன் கதையில் இந்தச் சிறுவன் ஓரமாக வந்துபோவான். நம் விஷயத்துக்கு அவன்தான் மையம்.

காது கேட்கும் குழந்தைக்கு யாரும் இலக்கணம் சொல்லித் தருவதில்லை. அம்மாவும் பாட்டியும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, ஒரு நாள் குழந்தையே பேசிவிடுகிறது. காது கேளாத குழந்தைக்கு இந்த மழை கண் வழியாகப் பெய்தால் என்ன? இப்படித்தான் யோசித்தார் பெல்.

இந்த யோசனை முழுக்க அவருடையது இல்லை. ஜார்ஜ் டல்கார்னோ என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1680-லேயே எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது. தாயின் நாக்கு ஓடுகிற வேகத்தில் அவள் கையும் ஓடினால், காது கேளாத குழந்தையோடு தொட்டிலிலேயே பேசத் தொடங்கலாம் என்பது அவர் கருத்து. இன்றைய பேபி சைனின் மொத்த தத்துவமும் முந்நூறு ஆண்டுக்கு முன்பே அந்தப் புத்தகத்தில் கிடந்தது என்று சொல்லலாம். பெல் அதைத் தேடிப் பிடித்துப் படித்தார்.

ஜார்ஜின் அறையில் இருந்த பொருட்களுக்கும் பொம்மைகளுக்கும் பெயர் எழுதிய சீட்டுகள் வந்தன. எழுதிய சொல்லும் பொருளும் விளையாட்டிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லித் தராமல் முழுச் சொல்லாகவே காட்டினார்.

அடுத்து வந்ததுதான் கையுறை. ஒரு வெள்ளைக் கையுறையில், விரல்களிலும் உள்ளங்கையிலும் ஆங்கில எழுத்துகளை எழுதினார். ஜார்ஜ் அதை மாட்டிக்கொள்வான். எந்த எழுத்து எங்கே என்று அவனுக்கு மனப்பாடம். பெல் அந்தந்த இடத்தைத் தொட்டால் சொல் உருவாகும். தெருவில் போகும்போதும், வெளியாட்கள் நடுவிலும் இப்படியே இருவரும் பேசிக்கொண்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் இருவராகத்தான் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

1873-ல் சேலம் நகரில் ஜார்ஜின் பாட்டி வீட்டிலேயே பெல் குடியேறினார். நம்ம ஊர் சேலம் இல்லை, பாஸ்டன் பக்கத்துச் சேலம். சிறுவனுக்குப் பாடம், பதிலுக்குத் தங்க இடமும் சாப்பாடும். பகலில் ரயிலேறி பாஸ்டன் போய் வேலை, ராத்திரியில் அந்த வீட்டில் கம்பியும் பேட்டரியும் வைத்து ஆராய்ச்சி.

இந்த அனுபவத்தை 1883-ல் கட்டுரையாகவே எழுதினார் பெல். மிகச் சிறிய வயதில், பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு மொழி கற்பிப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. சீக்கிரம் ஆரம்பிக்கணும், விளையாட்டாக இருக்கணும், குடும்பமே கலந்துகொள்ளணும். இன்றைக்குப் படித்தாலும் பாதிக்கு மேல் சரி என்றே தோன்றும்.

ஆனால் அதில் ஒரு கோடு இருக்கிறது. பெல் கையால் கொடுத்தது ஆங்கிலத்தை மட்டும்தான். ஆங்கில எழுத்து, ஆங்கிலச் சொல். காது கேளாதவர்களுக்கென்று இருந்த சைகை மொழியை அந்தக் குழந்தைக்கு அவர் கொடுக்கவில்லை.

டெலிபோன் வந்த கதை

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடுவோம். 1874-ல், காது கேளாதவர்களுக்குப் பேச்சைக் கண்ணால் காட்ட ஒரு கருவி செய்யப் பார்த்தார் பெல். இறந்த மனிதர் ஒருவரின் காதையே ஒரு மருத்துவரிடமிருந்து வாங்கி, அதில் வைக்கோல் துணுக்கை ஒட்டி, சத்தம் வரும்போது புகை படிந்த கண்ணாடியில் அது கோடு கிழிப்பதைப் பார்த்தார். மெல்லிய செவிப்பறை, கனமான எலும்பை அசைக்கிறதே, அப்போ ஒரு தகடு மின்சாரத்தை அசைக்காதா என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பட்டது.

செலவுக்குப் பணம்? ஜார்ஜின் அப்பா சாண்டர்ஸும், பாஸ்டன் வழக்கறிஞர் கார்டினர் ஹப்பர்டும் கொடுத்தார்கள். 1876 மார்ச் 7-ல் காப்புரிமை, மூன்றே நாளில் முதல் பேச்சு. காது கேளாத குழந்தைகளின் அப்பாக்கள் இருவர் போட்ட பணத்தில்தான் டெலிபோன் பிறந்தது.

ஆமாம், ஹப்பர்டின் மகளுக்கும் காது கேட்காது. அவர்தான் மேபெல். ஐந்து வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலில் கேட்கும் திறன் போய்விட்டது. பெல்லிடம் உச்சரிப்புப் பயிற்சிக்கு வந்தவர். பெல்லைவிடப் பத்து வயது இளையவர். 1877 ஜூலையில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

மேபெல் உதட்டசைவைப் பார்த்தே மற்றவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்வார், வாயால் பேசுவார். சைகை மொழி அவருக்குப் பிடிக்காது. காது கேளாதவர் என்று தன்னை யாரும் கவனித்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தவர்.

பெல்லின் தவறு இங்கேதான் தொடங்கியது என்பது என் கணிப்பு. காது கேளாதவர் நன்றாகப் பேச முடியும் என்பதற்கு அவர் வீட்டிலேயே சாட்சி இருந்தது. ஆனால் மேபெல் ஐந்து வயது வரை காதால் கேட்டு, வாயால் பேசி வளர்ந்தவர். மொழி உள்ளே இறங்கிய பிறகுதான் காது போனது. பெல்லின் அம்மாவுக்கும் மொழி இருந்தது. பிறவியிலேயே கேட்காத ஜார்ஜுக்கு அப்படி இல்லை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டார் பெல்.

மிலனில் ஒரு வாக்கெடுப்பு

1880 பெல்லுக்கு ராசியான ஆண்டு. பிரான்ஸ் அரசின் வோல்டா பரிசு, 50,000 பிராங்க் கிடைத்தது. பிற்பாடு காது கேளாதோர் கல்விக்கென்றே வோல்டா பியூரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதே ஆண்டு செப்டம்பரில், இத்தாலியின் மிலன் நகரில் காது கேளாதோர் ஆசிரியர்களின் சர்வதேச மாநாடு கூடியது. பெல் அங்கே போகவில்லை. கூடியிருந்தவர்களில் கிட்டத்தட்ட அனைவரும் காது கேட்பவர்கள். சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது, அதுவே பள்ளிகளில் வேண்டும் என்று தீர்மானம். ஆதரவு 160 வாக்குகள். எதிர்ப்பு வெறும் 4.

ஐரோப்பாவில் சைகை மொழி ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அமெரிக்காவில் இந்தக் கொள்கைக்கு ஒரு பெரிய முகம் தேவைப்பட்டது. உலகப் புகழ் பெற்ற பெல்லைவிடப் பெரிய முகம் எது?

1883 நவம்பரில் தேசிய அறிவியல் அகாடமியில் ஓர் ஆய்வறிக்கை படித்தார் பெல். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள், இது தொடர்ந்தால் மனித இனத்தில் காது கேளாத ஒரு தனி வகையே உருவாகிவிடும் என்பது அதன் சாரம். பள்ளிப் பதிவேடுகளில் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருவதை எண்ணிக் காட்டியதுதான் முக்கிய ஆதாரங்களில் ஒன்று. அப்படிப் பார்த்தால் நம்ம ஊரில் எத்தனை முருகன், எத்தனை செல்வி!

கல்யாணத்தைச் சட்டம் போட்டுத் தடுக்கலாம் என்று அவர் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக, அவர்கள் ஒன்று சேரும் காரணங்களை அகற்றலாம் என்றார். விடுதிப் பள்ளி வேண்டாம். சைகை மொழி வேண்டாம். காது கேளாத ஆசிரியர்களும் வேண்டாம்.

அம்மாவுக்கு விரலால் எழுதிக் காட்டிய அதே பையன்தான் இவர். நம்ப கஷ்டமாத்தான் இருக்கு. ஆனால் பெல்லின் மனதில் இது கொடுமையாக இல்லை, உதவியாக இருந்தது. காது கேளாதவர் தனிக் கூட்டமாக ஒதுங்காமல், பேசும் உலகத்தோடு கரைந்துவிட வேண்டும், அதுதான் அவர்களுக்கு விடுதலை என்று அவர் உண்மையாகவே நம்பினார். கரைந்துபோக அவர்களுக்கு விருப்பமா என்ற கேள்விக்கு அவரது அறிக்கையில் இடமே இல்லை.

எல்லோரும் கையால் பேசிய தீவு

பெல்லின் வாழ்க்கையில் ஒரு நூதனமான வாய்ப்பு வந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் மார்த்தாஸ் வினியார்டு என்றொரு தீவு. பரம்பரைக் காரணத்தால் அங்கே காது கேளாதவர்கள் மிக அதிகம். 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் 5,700 பேருக்கு ஒருவர் என்றால், இந்தத் தீவில் 155 பேருக்கு ஒருவர். சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர்.

விளைவு? ஊரே இரண்டு மொழி பேசியது. வாயால் ஆங்கிலம், கையால் சைகை. காது கேட்கும் குழந்தைகளும் ஆங்கிலத்தோடு சேர்த்தே சைகையைப் பிடித்துக்கொண்டார்கள். தனி வகுப்பு, புத்தகம் எதுவும் கிடையாது. மீனவர்கள் படகுக்குப் படகு சைகையில் பேசினார்கள். காது கேட்கும் பிள்ளைகள் பள்ளியில் வாத்தியார் முதுகுக்குப் பின்னால் சைகையில் அரட்டை அடித்தார்கள். காது கேளாமை அங்கே ஒரு குறையாகவே பேசப்படவில்லை.

1880-களில் பெல் இந்தத் தீவுக் குடும்பங்களை ஆராய்ந்தார். அவர் தேடியது வம்சாவளிப் பட்டியல். காது கேட்கும் பெற்றோருக்கு ஏன் கேளாத குழந்தை பிறக்கிறது என்ற கணக்கு அவருக்குப் பிடிபடவே இல்லை. மரபணு மறைந்திருந்து வெளிப்படும் என்ற மெண்டலின் விதி 1900-ல்தான் உலகத்தின் கவனத்துக்கு வந்தது. அதனால் அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே ஊராகக் கலந்து வாழும் காட்சி அவர் கண்முன்னே இருந்தது. அவர் கனவு கண்ட கலப்புதான் அது, சைகை மொழி வழியாகவே நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பெல் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தீவின் பெரியவர்களை உட்கார வைத்து இந்தக் கதைகளைக் கேட்டு எழுத, நோரா குரோஸ் என்ற மானுடவியலாளர் வர வேண்டியிருந்தது. அவரது புத்தகம் வந்தது 1985-ல்.

இரண்டு அம்மாக்கள், இரண்டு மகன்கள்

பெல்லை நேருக்கு நேர் எதிர்த்தவர் எட்வர்ட் மைனர் கேலடெட். வாஷிங்டனில் காது கேளாதோர் கல்லூரியை நடத்தியவர். இன்று அது கேலடெட் பல்கலைக்கழகம்.

கேலடெட்டின் அம்மா சோஃபியாவுக்கும் காது கேட்காது. அவர் சைகை மொழியில் பேசியவர், எட்வர்டுக்கு அது அம்மா வழி வந்த மொழி. இருவரும் காது கேளாத தாயின் மகன்கள், இருவருக்கும் சைகை மொழி தெரியும், இருவரும் ஆசிரியர்கள். ஆனால் போன பாதை நேர் எதிர். பேச்சுப் பயிற்சி வேண்டியவர்களுக்குக் கொடுங்கள், ஆனால் சைகையைப் பறிக்காதீர்கள் என்பது கேலடெட் கட்சி. 1891-ல் அவர் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்கு அரசு நிதி கேட்டபோது, நாடாளுமன்றக் குழு முன்பு போய் எதிர்த்தார் பெல். காது கேளாதவர்கள் ஆசிரியர்களாகிவிடுவார்கள் என்பதுதான் அவர் கவலை.

பெல்லின் கல்யாணக் கணக்கு என்ன ஆனது? 1898-ல் ஃபே என்ற ஆய்வாளர் 4,000-க்கும் மேற்பட்ட திருமணங்களை அலசி ஒரு பெரிய நூலைக் கொடுத்தார். காது கேளாதவர்களின் திருமணங்களில் சுமார் பத்தில் ஒன்றில்தான் காது கேளாத குழந்தை பிறந்திருந்தது. அந்த நூலை வெளியிட்டது வேறு யாரும் இல்லை, பெல்லின் வோல்டா பியூரோவேதான். தனக்குப் பாதகமான ஆய்வுக்கும் இடம் கொடுத்த நேர்மை அவரிடம் இருந்தது. ஆனாலும் யூஜெனிக்ஸ் எனப்படும் இனமேம்பாட்டுக் கூட்டங்களை விடவில்லை. 1921-ல் நியூயார்க்கில் நடந்த அதன் சர்வதேச மாநாட்டுக்கு அவர் கௌரவத் தலைவர்.

மடியில் உட்கார்ந்த ஹெலன்

1886-ல் அலபாமாவிலிருந்து ஓர் அப்பா, ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வாஷிங்டனில் பெல்லைப் பார்க்க வந்தார். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் கண்ணும் காதும் போன சிறுமி. அவர்தான் ஹெலன் கெல்லர்.

அப்போது ஹெலனுக்கு மொழி என்று எதுவும் இல்லை. தானே உருவாக்கிக்கொண்ட சில டஜன் சைகைகள் மட்டும் இருந்தன. ரொட்டி வேண்டுமென்றால் வெட்டி வெண்ணெய் தடவுவது போலக் காட்டுவார். பெல் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தன் சட்டைப்பைக் கடிகாரத்தை அடிக்க வைத்து அதன் அதிர்வை உணர வைத்தார். தன் சைகைகள் இவருக்குப் புரிகின்றன என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டதாக ஹெலன் பின்னாளில் எழுதினார். சைகையை எதிர்த்தவருக்கு ஒரு குழந்தையின் சைகை உடனே புரிந்திருக்கிறது.

பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு எழுதுங்கள் என்று வழிகாட்டியது பெல்தான். அங்கிருந்து 1887 மார்ச்சில் ஆன் சல்லிவன் வந்தார். உள்ளங்கையில் விரல் எழுத்து. நாள் முழுக்க, புரிகிறதோ இல்லையோ, ஒரு கைக்குழந்தையிடம் பேசுவது போல எழுதிக்கொண்டே இருந்தார். மீதிக் கதை உலகத்துக்குத் தெரியும். 1903-ல் வெளியான தன் வாழ்க்கைக் கதையை ஹெலன் பெல்லுக்குத்தான் சமர்ப்பித்தார்.

பள்ளிகளில் என்ன நடந்தது?

1919 வாக்கில் அமெரிக்காவின் காது கேளாத மாணவர்களில் சுமார் 80% பேர் சைகை இல்லாத வகுப்புகளில் படித்தார்கள். 1870-களில் சுமார் 40% ஆக இருந்த காது கேளாத ஆசிரியர்கள், முதல் உலகப் போர்க் காலத்தில் 15% ஆகக் குறைந்தார்கள்.

கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேரின் பெற்றோர் காது கேட்பவர்கள். சைகை கற்றுக்கொண்டால் குழந்தை பேசாமலே போய்விடும் என்று அந்தப் பெற்றோர்களிடம் சொல்லப்பட்டது. அவர்களும் நல்லது என்று நம்பித்தான் கையைத் தட்டிவிட்டார்கள். வாய்ப்பேச்சும் வரவில்லை, சைகையும் கிடைக்கவில்லை. எந்த மொழியும் இல்லாமலேயே முதல் ஐந்தாறு வயதைக் கடந்த குழந்தைகள் ஏராளம். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் வயது அதுதான், பிறகு எவ்வளவு முயன்றாலும் அதை முழுசாக ஈடுகட்டுவது கஷ்டம்.

சைகை என்பது அரைகுறை இல்லை, இலக்கணம் உள்ள முழு மொழி என்று வில்லியம் ஸ்டோக்கி 1960-ல் நிறுவினார். சைகை மொழிக் குடும்பத்தில் பிறந்த கேளாத குழந்தைகள், மற்ற குழந்தைகள் வாயால் மழலை பேசும் பருவத்தில் கையால் மழலை பேசுகிறார்கள் என்று 1991-ல் லாரா ஆன் பெட்டிட்டோ காட்டினார். மிலன் தீர்மானத்தை அந்த மாநாட்டின் வாரிசு அமைப்பே 2010-ல் கனடாவின் வான்கூவரில் நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் கழித்து!

காது கேட்கும் குழந்தைகளுக்கான பேபி சைன் தனிப் பாதையில் வந்தது. லிண்டா அக்ரிடோலோ என்ற உளவியல் பேராசிரியரின் மகள், பேச்சு வருவதற்கு முன்பே பூவைப் பார்த்தால் மூக்கைச் சுருக்கி முகர்ந்து காட்டினாள். அந்தக் கவனிப்பிலிருந்து ஆராய்ச்சியும் 1996-ல் புத்தகமும் வந்தன. நாக்கும் உதடும் பேச்சுக்குத் தயாராவதற்கு முன்பே கை தயாராகிவிடுகிறது, அவ்வளவுதான் ரகசியம்.

இதைச் செய்தால் பேச்சு தாமதமாகுமா என்று பயப்படும் வீடுகள் உண்டு. அப்படி ஆவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. அதே சமயம், குழந்தையின் அறிவு ஒரேயடியாக உயரும் என்று விளம்பரம் செய்வதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. பசிக்கிறதா, போதுமா என்று புரிந்துகொள்ளலாம், அழுகை கொஞ்சம் குறையலாம். கேட்கும் குழந்தைக்கு இது ஒரு வசதி. கேளாத குழந்தைக்கோ மொழியே இதுதான்.

இன்னொரு தகவல். கையுறை மாட்டிய சிறுவன் ஜார்ஜ் வளர்ந்து, காது கேளாத ஒரு பெண்ணையே திருமணம் செய்துகொண்டார்.

1922 ஆகஸ்ட் 2

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஏரிக்கரையோர மலை வீட்டில், சர்க்கரை நோயின் பாதிப்பில் படுத்திருந்தார் பெல். வயது 75. பேச்சு நின்றுவிட்டது. உதடு அசைந்தால்தானே மேபெலுக்குப் புரியும்? 45 ஆண்டுகள் அந்த உதட்டைப் பார்த்தே வாழ்ந்தவர் அவர்.

தன்னை விட்டுப் போய்விட வேண்டாம் என்று மேபெல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். பெல்லின் விரல்கள் மேபெலின் கையில் மெதுவாக அசைந்து, இல்லை என்பதற்கான சைகையைக் காட்டின என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது.

இரண்டு நாள் கழித்து, அடக்கம் நடந்த மாலையில் வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கப்பட்டன. ஐந்தே மாதத்தில், 1923 ஜனவரி 3-ல் மேபெலும் இறந்தார். கணவர் கண்டுபிடித்த அந்தக் கருவியில் ஒரு குரலைக்கூட அவரால் கேட்க முடிந்ததில்லை.